ஓலை வைகையை எதிர்த்து ஏறியதா? அற்புதச் செய்திகளை வரலாற்றுச் சான்றாகச் சோதிக்கும் முறை

சம்பந்தர் விட்ட ஓலை வைகை நீரை எதிர்த்து ஏறியது என்பதுபோல ஓர் அற்புதச் செய்தியைக் கையில் எடுத்ததும் 'இதை நம்பலாமா?' என்று கேட்டால் வேலை அன்றோடு நின்றுவிடும். ஒருவர் ஆம் என்பார், இன்னொருவர் இல்லை என்பார், இருவரும் ஏட்டைப் புரட்டியிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரே செய்திக்குள் ஒட்டிக்கிடக்கும் மூன்று கூற்றுகளை முதலில் பிரித்தெடுங்கள்.

ஒன்று, இப்படி நடந்ததாக இன்னார் இன்ன காலத்தில் சொன்னார் என்பது. இரண்டு, கண்ணுக்குத் தெரியும்படி ஏதோ நடந்தது என்பது: காய்ச்சல் இறங்கியது, ஓலை நகர்ந்தது, பிள்ளை பிறந்தது. மூன்று, அதைச் செய்தது இறைவன் என்பது. முதலாவதை முழுக்கச் சோதிக்கலாம். இரண்டாவதைப் பெரும்பாலும் சோதிக்கலாம். மூன்றாவதைச் சோதிக்க வரலாற்று ஆய்வாளரிடம் கருவி கிடையாது. அதை ஒப்புக்கொள்வதில் அவருக்கும் குறைவில்லை, பக்தருக்கும் குறைவில்லை.

இந்தப் பிரிவினையை நடைமுறையில் காட்டும் இடம், நோயாளிகள் குணம் தேடிப் போகும் கத்தோலிக்கத் திருத்தலமான பிரான்சின் லூர்து. 1883 முதல் அங்கே ஒரு மருத்துவப் பணியகம் இயங்குகிறது. குணமடைந்ததாகப் பதிவானவை 7,000-க்கும் மேல், திருச்சபை அற்புதமாக ஏற்றவை 70-ஐ ஒட்டியே. மருத்துவர்கள் நோய் இருந்ததற்கான பழைய மருத்துவப் பதிவு, குணமான வேகம், குணம் நிலைத்ததா என்பதையெல்லாம் பார்த்து, 'இன்றைய மருத்துவ அறிவால் விளக்க முடியவில்லை' என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். 'அற்புதம்' என்ற சொல்லை அறிவிப்பவர், குணமானவருடைய மறைமாவட்ட ஆயர். இரண்டாவது கூற்றுக்கும் மூன்றாவதற்கும் நடுவே அங்கே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் தாளிலும் அந்தக் கோடு இருக்கட்டும்.

தாளில் ஏழு கட்டங்கள்

ஒரு செய்திக்கு ஒரு தாள். கிடைக்கும் ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு வரி. வரிக்கு ஏழு கட்டங்கள்: சொன்னவர், சொன்ன ஆண்டு, நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு, இரண்டுக்கும் இடைவெளி, கண்டதா கேட்டதா, யார் கேட்டதற்காக அல்லது யாருக்காகச் சொன்னார், சொன்ன வாசகம் அப்படியே. கடைசிக் கட்டத்தில் சுருக்கம் எழுதாதீர்கள். 'குணமாக்கினார்' என்று நீங்கள் சுருக்கி எழுதிய இடத்தில் மூலம் 'குணமாகும்படி வேண்டினார்' என்று இருக்கலாம், பத்து நாள் கழித்து உங்களுக்கே அது மறந்துபோகும்.

ஆண்டு என்பது நூல் இயற்றப்பட்ட ஆண்டு. அச்சான ஆண்டையோ படியெடுத்த ஆண்டையோ எழுதினால் கணக்கு முழுதும் புரளும். 16ஆம் நூற்றாண்டு மறைப்பணியாளர் பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்களை ஷுர்ஹாமரும் விக்கியும் 1944–45-ல் பதிப்பித்தார்கள், ஆனால் உங்கள் தாளில் வரவேண்டியது 1542, 1544 என்ற ஆண்டுகளே. மறுபுறம், 7ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சியைப் பெரியபுராணம் சொல்கிறது என்றால், சான்றின் ஆண்டு இரண்டாம் குலோத்துங்கன் காலமான 12ஆம் நூற்றாண்டு. இடைவெளிக் கட்டத்தில் ஏறத்தாழ 500 ஆண்டு என்று வரும். சேக்கிழார் எத்தனை பெரிய கவிஞர் என்பது அந்த எண்ணைக் குறைக்காது.

இடைவெளியை அளத்தல்: முத்துக்குளித்துறையில் சவேரியார்

தாளை நிரப்பிப் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது. பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தார், 1552 டிசம்பரில் சீனக் கரையோரச் சான்சியான் தீவில் இறந்தார். போர்த்துகல் அரசர் மூன்றாம் ஜானின் ஆணைப்படி 1556–57-ல் கோவா, கொச்சி, மலாக்கா முதலிய இடங்களில் சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். பிறகு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு சுற்று விசாரணை நடந்தது. 1622-ல் புனிதர் பட்டம். ஆக, அவருடைய சொந்தக் கடிதங்கள், இறந்து சில ஆண்டுகளில் எடுத்த வாக்குமூலங்கள், இரண்டு தலைமுறை கழித்து எடுத்த வாக்குமூலங்கள், அதன் பின் எழுந்த சரிதைகள் என்று நான்கு அடுக்கும் நம்மிடம் இருக்கின்றன.

கல்லாத மொழியைப் பேசும் வரம் அவருக்கு இருந்தது என்று பின்னைய அடுக்குகள் சொல்கின்றன. முதல் அடுக்கைத் திறந்து பாருங்கள். 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், தமக்கு அவர்கள் பேச்சும் அவர்களுக்குத் தம் பேச்சும் விளங்கவில்லை, அவர்கள் தாய்மொழி மலபார், தம்முடையது பாஸ்கு என்கிறார். மலபார் என்று அன்றைய போர்த்துகீசியர் சொன்னது தமிழைத்தான். இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைத் தேடிச் சேர்த்து, பல நாள் உட்கார்ந்து செபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைக் கூட்டி ஒப்பித்தார். அதே ஆண்டு உடன் ஊழியர் மன்சிலாஸுக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தாம் படும் பாட்டைச் சொல்லுகிறார். அவர் விட்டுச்சென்ற செபங்களின் தமிழைப் பின்னால் தமிழ் கற்ற இயேசு சபைக் குரு ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் திருத்த வேண்டியிருந்தது.

இங்கே தீர்ப்பு எளிது. இடைவெளி இல்லாத சான்று, அதுவும் அவர் வாயாலேயே, பின்னைய கூற்றை மறுக்கிறது. கூற்று எப்படிப் பிறந்திருக்கலாம் என்பதற்கும் அந்தக் கடிதமே தடயம் தருகிறது: வந்து சில மாதங்களில் ஓர் அயலார் விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் தடங்கலின்றி ஒப்பிப்பதைப் பார்த்த சிறுவன், ஐம்பது ஆண்டு கழித்து என்ன நினைவு வைத்திருப்பான்? இது ஊகம். தாளில் 'ஊகம்' என்றே குறித்து, வேறு நிற மையில் எழுதுங்கள்.

இதே கடிதங்களில் எதிர்த் திசையில் இழுக்கும் சான்றும் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. 1542 அக்டோபர் 28 அன்று தூத்துக்குடியிலிருந்து இயேசு சபைத் தலைவர் இக்னேஷியஸுக்கு எழுதியதில், வழியில் ஓர் ஊரில் மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் கிடந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். பிழைப்பாள் என்ற நம்பிக்கை பலருக்கு அற்றுப்போயிருந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு உள்ளே போய், வேத போதனை சொல்லி, ஞானஸ்நானம் கொடுத்தார், உடனே பிள்ளை பிறந்தது. எழுதியவர் நேரில் இருந்தவர், இடைவெளி மிகக் குறைவு. அதோடு, தலைவனின் உத்தரவில்லாமல் மதம் மாறமாட்டோம் என்று ஊரார் முதலில் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறார். தமக்குப் பெருமை தராத விவரத்தையும் சேர்த்துச் சொல்பவருடைய பேச்சுக்கு எடை கூடும்.

எனவே இரண்டாவது கூற்று, அதாவது நீண்ட பிரசவம் அவர் முன்னிலையில் நல்லபடி முடிந்தது என்பது, வலுவாக நிற்கிறது. மூன்றாவதற்கு வந்தால், மூன்று நாள் வலிக்குப் பின் தானே பிறக்கும் பிள்ளைகளும் உண்டு, வேண்டியும் பிழைக்காத தாய்மார் எத்தனை பேர் என்பதற்குக் கடிதத்தில் கணக்கு இல்லை. குணமான கதைகளே எழுதப்படும் என்பது எல்லாச் சமயத்துக்கும் பொது. கோடு இங்கே விழுகிறது.

மௌனம் எப்போது சான்றாகும்?

'அவர் காலத்து ஏட்டில் இல்லை, ஆகவே நடக்கவில்லை' என்ற வாதத்தை அளவோடு பயன்படுத்துங்கள். மூன்று நிபந்தனையும் பொருந்தினால்தான் மௌனம் பேசும்: எழுதியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அதே பொருளைப் பற்றி அவர் எழுதியிருக்க வேண்டும், சொல்லாமல் விட அவருக்குக் காரணம் இருக்கக்கூடாது. மொழி வரம் விஷயத்தில் முதல் இரண்டும் பொருந்துகின்றன. மூன்றாவதற்குத் தன்னடக்கம் என்று பதில் சொல்லலாம். ஆனால் தன்னடக்கம் வரத்தைச் சொல்லாமல் விடச் செய்யும், மொழி தெரியாமல் திண்டாடுவதாகப் பொய்யெழுதச் செய்யாது. இறந்தவரை எழுப்பியதாகச் சொல்லும் கதைகளுக்கோ கடிதங்களின் மௌனம் மட்டுமே எதிரில் நிற்கிறது. அங்கே தன்னடக்கம் என்ற பதிலுக்கு இடம் உண்டு, ஆகவே தீர்ப்பிலும் ஒரு படி இறங்கிப் பேச வேண்டும்.

காரணக் கதையை அடையாளம் காணுதல்

தென் கடற்கரை மீன் ஏலத்தில் சிலுவை நண்டைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டின் மேல் நடுவே வெளிறிய சிலுவைக் குறி, சுற்றிலும் செம்பழுப்பு வரிகள். இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுப் பக்கம் 1546-ஐ ஒட்டிப் புயலில் சவேரியார் கையிலிருந்த பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கும் சிலுவை) கடலில் விழுந்தது, பிறகு கரையில் ஒரு நண்டு அதைக் கொடுக்கில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தது, அந்த நண்டின் வழித்தோன்றல்களுக்குத்தான் இந்தக் குறி என்பது கதை.

தாளில் இதற்கு ஒரே வரிதான் வரும். கூட இருந்ததாகச் சொன்ன ஒரு சாட்சி, இடைவெளி 60 ஆண்டுக்கு மேல், கேட்டவர்கள் புனிதர் பட்ட விசாரணைக்காரர்கள். கண்ட சாட்சி என்பது உயர்வு. தனிச் சாட்சி, நெடுங்காலம், எதிர்பார்ப்போடு கேட்கப்பட்ட கேள்வி என்பவை தாழ்வு. இதோடு இன்னொரு கேள்வியையும் போடுங்கள்: இந்தக் கதை ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்கு, ஒரு குறிக்கோ பாறைத் தடத்துக்கோ ஊர்ப் பெயருக்கோ, காரணம் சொல்கிறதா? அந்த இன நண்டு இந்தியப் பெருங்கடல் முழுக்க உண்டு, 1546-க்கு முன்பும் அதே குறியோடுதான் இருந்தது. காரணக் கதை என்று தெரிந்ததும் தூக்கி எறிய வேண்டாம், எடையைக் குறைத்தால் போதும். சுரூபம் தொலைந்து கிடைத்தது மெய்யாகவும், நண்டின் குறிக்கான விளக்கம் பின்னால் ஒட்டியதாகவும் இருக்கலாம்.

வாசகத்தை இலக்கணத்தோடு படித்தல்: மதுரையில் சம்பந்தர்

7ஆம் நூற்றாண்டில் மதுரையில் திருஞானசம்பந்தர் பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்த்ததும், சமணரோடு அனல் வாதம் (யாருடைய ஓலை தீயில் எரியாது என்ற போட்டி), புனல் வாதம் (யாருடைய ஓலை ஆற்றை எதிர்த்து ஏறும் என்ற போட்டி) செய்ததும் பெரும்பாலோர்க்குப் பெரியபுராணம் வழியே தெரியும். சவேரியார் விஷயத்தில் பழைய அடுக்கு பின்னையதை மறுத்தது. இங்கே அப்படி இல்லை. வாதில் கலந்தவருடைய பாடல்களே கையில் இருக்கின்றன. 500 ஆண்டு இடைவெளி என்று ஒதுக்கியவர்கள் தேவாரத்தைத் திறக்காமல் ஒதுக்கியவர்கள்.

சம்பந்தரின் திருநீற்றுப் பதிகத்தின் இறுதிப் பாடலான திருக்கடைக்காப்பில் 'தென்னன் உடலுற்ற தீப்பிணி யாயின தீரச் சாற்றிய பாடல்கள்' என்று வருகிறது. பாண்டியனுக்கு நோய் என்பது சமகாலச் சான்று. தீர்ந்ததா? 'தீர' என்பது செய எனும் வாய்பாட்டு வினையெச்சம். பள்ளி இலக்கணத்தில் படித்தது நினைவிருக்கும்: 'மழை பெய்ய நெல் விளைந்தது' என்றால் காரணம், 'நெல் விளைய மழை பெய்தது' என்றால் காரியம், 'ஞாயிறு பட வந்தான்' என்றால் உடனிகழ்ச்சி. 'தீரச் சாற்றிய' என்பதைத் தீர்வதற்காகப் பாடியவை என்றும் எடுக்கலாம், தீரும்படியே பாடியவை என்றும் எடுக்கலாம். இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது, தாளில் இரண்டையும் எழுதுங்கள்.

அனல் வாதத்துக்குரிய நள்ளாற்றுப் பதிகத்தின் முடிவு 'எரியிடில் இவை பழுதிலை மெய்ம்மையே'. 'இடில்' நிபந்தனை. தீயில் இட்டால் பழுதாகாது என்கிறது, இட்டேன், பழுதாகவில்லை என்று சொல்லவில்லை. ஆகவே தீயில் இடும் சோதனை அன்று பேச்சில் இருந்தது என்பதற்கு இது நேரடிச் சான்று. முடிவு என்ன என்பதற்கு இந்தப் பதிகம் சான்று ஆகாது.

புனல் வாதத்துக்குச் சான்று இன்னும் வலுவானது, சிக்கலும் கூடுதல். 'வாழ்க அந்தணர்' திருப்பாசுரத்தின் இறுதிக்கு முந்தைய பாடல் ஓலை தெண்ணீரில் எதிர் ஊர்ந்ததைக் குறிக்கிறது. திருவேடகப் பதிகம் 'ஏடு சென்று அணைதரும் ஏடகம்' என்கிறது. ஓலை எதிரேறியது என்ற பேச்சு 12ஆம் நூற்றாண்டில் புதிதாக முளைக்கவில்லை. ஆனால் மரபு சொல்வது, அந்தத் திருப்பாசுரத்தையே ஏட்டில் எழுதி வைகையில் விட்டார்கள் என்று. விடப்போகும் ஓலையில், ஓலை எதிரேறிய செய்தி எப்படி எழுதப்பட்டிருக்கும்? அந்தப் பாடல் நிகழ்ச்சிக்குப் பின் இயற்றப்பட்டதா, மரபு சொல்லும் வரிசை மாறியதா, முன்னறிவித்துப் பாடியதா என்று மூன்று வழி உண்டு. எதையும் அழிக்காமல் மூன்றையும் தாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இதே கூறு வேறெங்கும் வருகிறதா என்று தேடுங்கள். நாலடியாரின் தோற்றக் கதையில் 8,000 சமண முனிவர்கள் ஆளுக்கொரு வெண்பா எழுதிவைத்துப் போகிறார்கள், பாண்டியன் ஓலைகளை வைகையில் எறிகிறான், 400 மட்டும் நீரை எதிர்த்து ஏறுகின்றன. அதே ஆறு, அதே எதிரேற்றம். பெரியபுராணத்தில் வாதில் தோற்றுக் கழுவேறிய சமணர் தொகையும் அதே எண்ணாயிரம். ஒரு கூறு இரண்டு சமயத்தார் வாயிலும் இப்படி உலாவும்போது, யாருடையது முதல் என்று முடிவு கட்டாவிட்டாலும், அந்தக் கூற்றின் தனி எடை குறையும்.

கழுவேற்றம் அற்புதம் இல்லை, ஆனால் அற்புதத்தோடு கூடவே வருவதால் அதே தாளில் சோதிக்க வேண்டும். சம்பந்தர், அப்பர் பாடல்களில் அது இல்லை. திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியிடம்தான் தலைகாட்டுகிறது, இடைவெளி 300 ஆண்டுக்கு மேல். சமணர் தரப்பில் இப்படி ஒரு பேரழிவைப் பற்றிய குறிப்பு இல்லை. மதுரைச் சமணர் மலையிலும் கழுகுமலையிலும் 8, 9ஆம் நூற்றாண்டுகளிலும் சமணர் சிற்பம் செதுக்கினார்கள், கல்வெட்டு வெட்டினார்கள். எண்ணாயிரம் பேர் மாண்ட நாட்டில் எதிர்பார்க்கும் காட்சி அதுவன்று.

சாட்சிகளைத் தலை எண்ணாமல் வேர் எண்ணுதல்

1748-ல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம், சாட்சி பொய்யாவது அற்புதத்தைவிட நம்ப அரிதாக இருந்தாலொழிய அற்புதத்தை ஏற்கமுடியாது என்று வாதிட்டார். 1767-ல் வேல்ஸ் நாட்டுத் தத்துவவாதி ரிச்சர்ட் பிரைஸ் பதில் சொன்னார்: லாட்டரியில் இன்ன எண் விழுந்தது என்பது மிக அரிய நிகழ்வு, ஆனாலும் நாளிதழ் சொன்னால் நம்புகிறோமே. இருவரையும் ஒரு கணக்கில் வைத்துப் பார்க்கலாம். செய்தி மெய்யாக இருக்க வாய்ப்பு 1-க்கு 1,00,000 என்று வையுங்கள். ஒரு சாட்சி அதை 9 மடங்கு உயர்த்துவார் என்று வையுங்கள். தனித்தனிச் சாட்சிகள் மூவர் என்றால் 9×9×9 = 729 மடங்கு, இன்னும் நூற்றில் ஒன்றுகூட இல்லை. அறுவர் என்றால் 5,31,441 மடங்கு, தராசு மெய்ப் பக்கம் ஐந்துக்கு ஒன்று என்று சாயும். அந்த அறுவரும் ஒரே ஆளிடம் கேட்டவர்கள் என்றால் மறுபடி 9 மடங்குதான்.

எண்கள் நாம் வைத்தவை, ஆனால் அவை காட்டும் பாடம் உறுதியானது: தனித்தன்மைதான் எல்லாம். 'ஆயிரம் பேர் பார்த்தார்கள்' என்று ஒருவர் எழுதினால் அது ஒரு சாட்சி. இரண்டு நூலில் ஒரே சொற்றொடர், ஒரே பிழை, ஒரே வரிசை இருந்தால் ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியது, அதுவும் ஒரு சாட்சி. தொடக்க வாய்ப்பை எவ்வளவு வைத்தீர்கள் என்பதைத் தாளின் தலைப்பில் வெளிப்படையாக எழுதுங்கள். பக்தரும் மறுப்பவரும் உண்மையில் மோதிக்கொள்வது பெரும்பாலும் அந்த ஓர் எண்ணில்தான்.

நடந்துகொண்டிருக்கும்போதே கிடைத்தால்

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலைகள் பால் குடிப்பதாகப் பேச்சு பரவியபோது ஏட்டைப் புரட்டத் தேவையே இருக்கவில்லை. டெல்லியில் அறிவியலாளர்கள் பாலில் சாயம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து மேலேறிய பால், சிலையின் மேனியில் மெல்லிய படலமாக வழிவது நிறத்தில் தெரிந்தது. ஒரு சமையலறைத் தராசும் போதும்: சிலையைத் துடைத்து எடைபோட்டு, உலர்ந்த துணியை எடைபோட்டு அடியில் விரித்து, பாலை அளந்து கொடுத்து, மறுபடி மூன்றையும் எடைபோட வேண்டும். சிலையைத் தொட அனுமதி கேட்டு, பூசை நேரம் முடிந்தபின் செய்யுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள்

மிகப் பெரிய தவறு மறுப்பவர் பக்கமிருந்து வருவது. 'காற்று எதிர்த்து அடித்திருக்கும்', 'ஓலையில் மெழுகு தடவியிருப்பார்' என்று இயற்கைக் காரணம் கற்பிப்பார்கள். மூலத்தில் காற்றும் இல்லை, மெழுகும் இல்லை. சான்றில்லாத அற்புதத்துக்குப் பதில் சான்றில்லாத மெழுகை வைப்பது ஆராய்ச்சி ஆகாது. நடந்ததா என்று முடிவாகாதபோது எப்படி நடந்தது என்று விளக்கக் கிளம்பாதீர்கள்.

அதே போல, எடை குறைந்த நூலைக் குப்பை என்று வீசுவதும் நட்டம். 7ஆம் நூற்றாண்டுக்குப் பெரியபுராணம் தொலைதூரச் சாட்சி, 12ஆம் நூற்றாண்டுச் சோழநாடு தன் முன்னோரை எப்படி நினைத்தது என்பதற்கோ முதல் வரிசைச் சாட்சி. எந்தக் கேள்விக்கு எது சான்று என்பதைத் தாளின் மேலேயே எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

இன்னொன்று, ஒரே சமயத்துக்கு மட்டும் இந்தத் தாளைப் பயன்படுத்துவது. உங்கள் வீட்டுச் சாமியின் செய்தியைத்தான் முதலில் சோதித்துப் பழகுங்கள். கட்டங்களை எங்கே இளக்குகிறோம் என்பது அப்போதுதான் கைக்குப் பிடிபடும்.

தீர்ப்பை எழுதும் விதம்

ஒற்றைச் சொல் தீர்ப்பு வேண்டாம். மூன்று கூற்றுக்கும் மூன்று வாக்கியம் எழுதுங்கள். புனல் வாதத்துக்கு நாங்கள் எழுதுவது இப்படி: 'ஓலை எதிரேறியது என்ற கூற்று சம்பந்தர் பாடல்களிலேயே உள்ளது, ஆகவே பழமையானது. நிகழ்வுக்குச் சான்று வாதில் வென்ற தரப்பினுடையது மட்டும், எதிர்த் தரப்பின் சாட்சி இல்லை, கூறு வேறு கதையிலும் உலாவுகிறது, ஆகவே உறுதிசெய்ய முடியவில்லை. காரணம் இந்தத் தாளின் எல்லைக்கு வெளியே.' மொழி வரத்துக்கு: 'கூற்று பிற்காலத்தது. நிகழ்வை அவருடைய 1544 கடிதங்கள் மறுக்கின்றன. காரணம் பற்றிய கேள்வி எழவில்லை.'

தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். புதிய கல்வெட்டோ கடிதமோ வெளிவந்தால் அதே தாளில் அடுத்த வரி சேரும், இரண்டாவது வாக்கியத்தை மட்டும் திருத்த வேண்டியிருக்கும்.